பழைய துணி விற்பனை: வாடிக்கையாளர் அனுபவம் தரும் பாடங்கள்

பலசரக்குக் கடைக்காரருக்கும் பழைய துணிக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்ததும் உறுப்பினர்கள் கேட்கக்கூடும். இரண்டு வகையில் சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது, ஒரு முறை உடுத்திப் பீரோவில் வைத்த பட்டுச் சேலையையும், பிள்ளைக்குச் சிறிதாகிப் போன சட்டையையும் இன்று மக்கள் செல்போன் வழியாக விற்கிறார்கள். பிறர் விற்பதை வாங்கவும் செய்கிறார்கள். அந்தப் பார்சல் பல நேரங்களில் நம் கடையில்தான் இறக்கி வைக்கப்படுகிறது. பணம் வரவில்லை, ஏமாந்துவிட்டோம் என்றால் முதலில் யோசனை கேட்பதும் தெருமுனைக் கடைக்காரரிடம்தான்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் விற்கக்கூடிய பொருள்களிலேயே மிகவும் கடினமானது பிறர் உடுத்திய துணி. ஒவ்வொரு துணியும் தனிச் சரக்கு. ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அப்படிப்பட்ட பொருளையே முன்பின் தெரியாதவரிடம் பணம் கட்டி வாங்க ஒரு வாடிக்கையாளர் துணிகிறார் என்றால், அவருக்கு அந்தத் துணிச்சல் எப்படி வந்தது? எங்கே அது முறிந்தது? இதைத் தெரிந்துகொண்டால் அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் நமக்கும் பயன் உண்டு. அதனால்தான் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. பாத்திரக்காரர் காலத்து வியாபாரம்

பழைய துணிக்குச் சந்தை என்பது நமக்குப் புதியதல்ல. எவர்சில்வர் பாத்திரங்களைக் கூடையில் சுமந்து வந்து, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர்களை நம் தெருக்கள் நன்கு அறியும். நாலு சேலை, இரண்டு பேன்ட் போட்டால் ஒரு கிண்ணம். இன்னும் இரண்டு சட்டை போட்டால் ஒரு தூக்கு. திண்ணையில் அரை மணி நேரம் பேரம் நடக்கும். முடிந்ததும் துணி அவர் மூட்டைக்குள், பாத்திரம் இவர் அடுப்படிக்குள். அதன்பின் வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை.

பழைய பட்டுச் சேலைக்குத் தனி வியாபாரி வருவார். அவர் பார்ப்பது சேலையை அல்ல, அதிலுள்ள ஜரிகையை. ஜரிகையிலுள்ள வெள்ளிக்கு மட்டும் மதிப்புப் போட்டுப் பணம் கொடுப்பார். சேலையின் நெசவு, நிறம், அது எத்தனை முறை உடுத்தப்பட்டது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது.

இந்தப் பழைய முறையில் வாடிக்கையாளருக்கு இருந்த நன்மை, கைக்குக் கை முடிந்துவிடும் என்பது. குறை என்னவென்றால், விலை மிகக் குறைவு. உடுத்தத் தகுந்த நல்ல சேலையும் கந்தலும் ஒரே மூட்டையில் போயின. 'இதை உடுத்திக்கொள்ள விரும்பும் ஒருவர் எங்கேயோ இருப்பார்; அவர் கிடைத்தால் நல்ல விலை கிடைக்கும்' என்பது விற்றவருக்குத் தெரிந்தாலும் அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வழி இல்லை. செல்போன் செய்து கொடுத்தது அந்த ஒரு வேலையைத்தான்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. திருப்பூரிலிருந்து வரும் ஏற்றுமதி மிச்சச் சரக்கும், சிறு பழுதுள்ள 'செகண்ட்ஸ்' சரக்கும் பழைய துணி ஆகா. அவை யாரும் உடுத்தாத புதுத்துணி. இக்கட்டுரையில் பேசுவது ஒருவர் உடுத்தி, மற்றொருவருக்கு விற்கும் துணியைப் பற்றி மட்டுமே.

2. இணையச் சந்தை வந்த வழி

தனிமனிதர் தன் பொருளை இன்னொரு தனிமனிதருக்கு விற்க இடம் கொடுத்த நிறுவனங்களில் மூத்தது அமெரிக்காவின் ஈபே. 1995-ல் தொடங்கியது. இந்தியாவில் 2000-ல் தொடங்கப்பட்ட பாஜி நிறுவனத்தை 2004-ல் வாங்கி ஈபே இங்கே கால் வைத்தது. வாங்குபவர் கட்டும் பணத்தை நேராக விற்பவரிடம் கொடுக்காமல், பொருள் போய்ச் சேரும் வரை நடுவில் வைத்திருக்கும் 'பைசாபே' என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

ஓஎல்எக்ஸ், குவிக்கர் போன்றவை வேறு வகை. இவை பத்திரிகையின் வரி விளம்பரம் போன்றவை. படம் போடலாம், விலை போடலாம், பேசலாம். பொருளைப் பார்ப்பதும் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் இருவருக்குள் நடக்கும். கட்டில், பைக் போன்றவற்றுக்கு இது பொருந்தியது. முந்நூறு ரூபாய்ச் சட்டையைப் பார்க்க யாரும் வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி வரமாட்டார்கள். எனவே துணிக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

துணிக்கென்றே தனித் தளங்கள் பிறகு வந்தன. அமெரிக்காவில் 2009-ல் திரெட்அப், 2011-ல் போஷ்மார்க். இதில் போஷ்மார்க் 2021-ல் இந்தியாவுக்கு வந்து, 2023-ல் இங்கே கடையைக் கட்டிவிட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் பழைய துணி விற்கும் சிறு கடைகள் இந்தியா முழுவதும் பெருகின. உடுத்திய சேலைகளை விற்கவும் வாங்கவும் பேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களும் நடக்கின்றன.

ஐரோப்பாவில் நிலைத்து நிற்பது லித்துவேனியா நாட்டில் 2008-ல் தொடங்கிய வின்டெட். வீடு மாறும்போது தன்னிடம் துணி அளவுக்கு மேல் இருப்பதைக் கண்ட ஒரு பெண்ணும், கணினி தெரிந்த அவர் நண்பரும் சேர்ந்து தொடங்கியது அது. அந்த நிறுவனம் செய்த ஒரு மாற்றத்தைப் பின்னால் பார்ப்போம். நம் பாடத்தின் மையம் அதில்தான் இருக்கிறது.

3. விற்றவர் அனுபவம்: கையில் நின்றது எவ்வளவு?

விற்பவர்களின் முதல் ஏமாற்றம் விலையில் அல்ல, கழிவில். போஷ்மார்க் அமெரிக்காவில் பல ஆண்டுகள் வைத்திருந்த முறை இது: 15 டாலருக்குக் குறைவான விற்பனைக்கு 2.95 டாலர், அதற்கு மேல் விற்றால் விலையில் 20 சதவீதம். நம் ஊர்க் கமிஷன் மண்டிக் கழிவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு கனமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்குக்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1,200 ரூபாய்க்கு வாங்கிய சட்டை 300 ரூபாய்க்கு விலை போகிறது. கழிவு 20 சதவீதம் என்றால் 60 ரூபாய். கூரியர் 80. கவர், டேப் 10. கையில் நிற்பது 150 ரூபாய். இதற்காகத் துவைத்து, இஸ்திரி போட்டு, வெளிச்சத்தில் படம் எடுத்து, அளவு எழுதி, பத்துப் பேர் கேள்விக்குப் பதில் சொல்லி, கூரியர் ஆபீசுக்கும் போய் வர வேண்டும். வாங்கியவர் 'அளவு சரியில்லை' என்று திருப்பி அனுப்பி, இரண்டு வழிக் கூரியரும் விற்றவர் தலையில் விழுந்தால் 170 ரூபாய் கைநஷ்டம்.

இப்போது 15,000 ரூபாய்க்கு வாங்கி ஒரே முகூர்த்தத்துக்கு உடுத்திய பட்டுச் சேலையை எடுத்துக்கொள்வோம். 6,000 ரூபாய்க்குப் போனால் கழிவு 1,200, கூரியரும் அட்டைப் பெட்டியும் 150. கையில் நிற்பது 4,650. ஒரு சட்டைக்குப் பட்ட பாடுதான் இதற்கும். ஆனால் பலன் முப்பது மடங்கு.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் தெரிகின்றன. விலை குறைந்த துணிக்கு இணையம் ஏற்றதல்ல. கூரியரே அதைத் தின்றுவிடும். அளவு பிரச்சினை உள்ள துணியைவிட அளவே இல்லாத துணி, அதாவது சேலை, மறுவிற்பனைக்கு மிகவும் ஏற்றது. குறைவாக உடுத்தப்படும் விலை உயர்ந்த துணிக்கே உண்மையான சந்தை இருக்கிறது. கல்யாணப் பட்டு இந்த மூன்று விதிக்கும் பொருந்துகிறது.

விற்பவர்களின் அடுத்த குறை, பேரம். பாத்திரக்காரரிடம் பேரம் அரை மணியில் முடிந்தது. இங்கே நாலு நாள் பேசுவார்கள், 'அனுப்புங்கள்' என்பார்கள், பிறகு பதிலே வராது. விற்பனைக்கு வைத்த துணி மாதக்கணக்கில் கிடக்கும். தங்கிப் போன சரக்கைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்காரர் முதல் வாரத்திலேயே விலையை இறக்கிக் கைமாற்றுவார். வீட்டுக்காரர் 'நான் வாங்கிய விலை என்ன தெரியுமா' என்று பிடித்துக்கொண்டிருப்பார். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பதைப் பழைய துணி போலக் கறாராகக் கற்றுக் கொடுக்கும் சரக்கு வேறில்லை.

4. வாங்கியவர் அனுபவம்: சொன்னதும் வந்ததும்

வாங்கியவர்களின் மனக்குறை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: 'படத்தில் பார்த்தது ஒன்று, பார்சலில் வந்தது ஒன்று.' இதை உடைத்துப் பார்த்தால் ஐந்து வகைகள் கிடைக்கின்றன.

அளவு: சட்டைக் காலரில் 40 என்று போட்டிருப்பதை நம்ப முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி 40 மாறும். துவைத்துத் துவைத்துச் சுருங்கியும் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சட்டையைத் தரையில் விரித்து, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை டேப் வைத்து அளந்து இன்ச்சில் எழுதுகிறார்கள். இப்படி எழுதிய துணி திரும்பி வருவது குறைவு. சேலையிலும் ஒரு அளவு உண்டு: ரவிக்கைத் துணி வெட்டப்பட்டதா, இல்லையா? எழுதாவிட்டால் சண்டைதான்.

நிறம்: டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த அரக்கு, பகலில் வேறு நிறமாகத் தெரியும். வாசல் வெளிச்சத்தில் எடுத்த படமே நியாயமானது.

மணம்: பாச்சை உருண்டை வாடை பல மாதம் போகாது. இதைப் படம் காட்டாது; விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

மறைந்திருக்கும் பழுது: பட்டுச் சேலையை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு வாட்டத்திலேயே இழை விட்டுப்போகும். மடித்து எடுத்த படத்தில் சேலை புதிது போல் இருக்கும். பிரித்து உதறினால் கிழியும். இடுப்பில் வேர்வைக் கறை, கறுத்த ஜரிகை, கரையோரம் ஃபால்ஸ் பிரித்த தையல் ஓட்டை ஆகியவையும் இந்த வகைதான்.

பெயர் மாற்றம்: இதுதான் மிகவும் மோசமானது. நம் சின்னாளப்பட்டிச் சேலைக்கு அதற்கென்று ஒரு பெயர் உண்டு. குறைந்த விலையில் பட்டுப்போல் பளபளப்பைத் தந்து வீடு வீடாகப் போன சரக்கு அது. செயற்கைப் பட்டை அப்படியே சொல்லி விற்றால் யாருக்கும் கோபம் வராது. அதையே 'காஞ்சிப் பட்டு' என்று எழுதி விற்றால், வாங்கியவர் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார். அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல் ஓடும். வேறு நூல் தெரிந்தால் விற்றவரின் பெயர் அன்றோடு போயிற்று. அதோடு சின்னாளப்பட்டியின் பெயரும் கெடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'யாரோ உடுத்தியது' என்ற கூச்சம் நம் மக்களுக்கு உண்டு. நோயாளி உடுத்தியதோ, இறந்தவர் வீட்டிலிருந்து வந்ததோ என்ற ஐயமும் உண்டு. அக்காள் சட்டையைத் தங்கை போட்டுக்கொள்ளும் வீட்டில்கூட அந்நியர் துணியைத் தொட யோசிப்பார்கள். இந்தக் கூச்சம் விலைக் குறைப்பால் போவதில்லை. யார் உடுத்தியது, எதற்காக உடுத்தியது, எத்தனை முறை, ஏன் விற்கிறார் என்று சொல்லும்போதுதான் குறைகிறது. 'மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு முறை உடுத்தியது. ட்ரை கிளீன் செய்தது' என்ற ஒரு வரி, ஐந்நூறு ரூபாய்த் தள்ளுபடியைவிடப் பலமாக வேலை செய்யும்.

5. பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

பொருளை முதலில் அனுப்பு என்கிறார் வாங்குபவர். பணத்தை முதலில் போடு என்கிறார் விற்பவர். இருவர் சொல்வதும் நியாயம். இந்த முடிச்சை அவிழ்த்தவர்களே இத்தொழிலில் நின்றிருக்கிறார்கள்.

வின்டெட் செய்தது இதுதான். 2016-ஐ ஒட்டி அந்த நிறுவனம் விற்பவரிடம் கழிவு வாங்குவதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக வாங்குபவரிடம் 'பாதுகாப்புக் கட்டணம்' என்று ஒரு சிறு தொகையை வாங்குகிறது. வாங்குபவர் கட்டிய பணம் உடனே விற்பவருக்குப் போகாது. பார்சல் வந்து சேர்ந்தபின் குறை சொல்ல 2 நாள் அவகாசம். குறை இல்லை என்றால் பணம் விடுவிக்கப்படும். சொன்னபடி பொருள் இல்லை என்றால் பணம் நிற்கும்.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற நிலையில், கட்டணத்தை யார் தலையில் வைப்பது என்பது சிறிய விஷயமல்ல. விற்பவர் தன் வருமானத்தில் கழிவு விழுவதை அபராதமாகப் பார்க்கிறார். வாங்குபவரோ தன் பணம் பத்திரமாக இருப்பதற்குக் கொடுக்கும் தொகையைக் காவல் கூலியாகப் பார்க்கிறார். இரண்டும் பணம்தான், ஆனால் இரண்டாவதற்கு ஈடாகக் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பயன் கிடைக்கிறது. வாடிக்கையாளர் கட்டணத்தை வெறுப்பதில்லை. எதற்கென்று தெரியாத கட்டணத்தைத்தான் வெறுக்கிறார்.

நம் ஊரில் நடக்கும் விற்பனைகளில் பெரும்பகுதிக்கு இந்த நடுக்காவல் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி, ஜிபேயில் போட்டு, கூரியரில் வருகிறது. மோசடிக்காரர்கள் நுழைவதும் இந்தச் சந்தில்தான். அவர்கள் வழி தெளிவானது. சேலையை விற்கப் போட்டவருக்குப் போன் வரும். பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சம்மதிப்பார். 'பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்' என்பார். போட்டால் பணம் ஏறாது. இருக்கும் பணமும் போய்விடும்.

ஒவ்வொரு உறுப்பினரும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டிய வாசகம்: 'பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. ரகசிய எண் போட்டால் பணம் போகும், வராது.' யாராவது ஏமாந்து வந்து நின்றால் அவரைத் திட்டிக்கொண்டிருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. நம் வாடிக்கையாளர் தொலைக்கும் ஐயாயிரம் ரூபாய் நம் கடைக்கு வரவேண்டிய இரண்டு மாத மளிகைப் பணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் மின்வணிக விதிகளும் வந்தன. வணிகர் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: ஒரு குடும்பத்தலைவி தன் சேலையை எப்போதோ ஒரு முறை விற்றால் மின்வணிக விதிகள் அவரைத் தொடாது. அதையே தொழிலாக, தொடர்ந்து செய்தால் அவர் விற்பனையாளர், விதிகள் பொருந்தும்.

இரண்டு: அப்படிப்பட்ட விற்பனையாளர், பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்க முடியாது. 'விற்ற பொருள் திரும்பப் பெற இயலாது' என்று எழுதிவைத்தால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. வாடிக்கையாளர் போல நடித்துத் தன் பொருளைத் தானே புகழ்ந்து எழுதுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

மூன்று: மின்வணிக நிறுவனம் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நான்கு: வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. திண்டுக்கல் வாடிக்கையாளருக்கு இது பெரிய வசதி. ஆனால் இது இருபுறமும் வெட்டும் கத்தி. இங்கிருந்து டெல்லிக்குச் சேலை அனுப்பும் நம் உறுப்பினர் டெல்லி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். ஆறாயிரம் ரூபாய்ச் சேலைக்காக டெல்லிக்கு ரயில் ஏறுவதைவிட, மடிப்பில் இழை விட்டிருக்கிறது என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுவது மலிவு.

7. மளிகைக் கடைக்கு இதில் என்ன இருக்கிறது?

குறையைச் சொல்லி விலையை வையுங்கள். உடைந்த முந்திரி, நொய் கலந்த அரிசி, நசுங்கிய டப்பா, தேதி முடிய இருபது நாளே உள்ள பிஸ்கட் ஆகியவற்றைத் தனித் தட்டில் வைத்து, காரணத்தையும் விலையையும் சீட்டில் எழுதுங்கள். வாங்குபவர் அறிந்து வாங்குகிறார். திட்டிக்கொண்டு திரும்பி வரமாட்டார். தேதி முடிந்த உணவுப் பொருளை எந்த விலைக்கும் விற்கக்கூடாது என்பது வேறு விஷயம். அது சட்டப்படி குற்றம்.

போனில் ஆர்டர் எடுப்பவர்கள் படமும் எடையும் சேர்த்து அனுப்புங்கள். 'நல்ல பருப்பு' என்பது பேச்சு. எந்த ரகம், எத்தனை கிராம், என்ன விலை என்பது வாக்கு. பழைய துணிச் சந்தையில் நிலைத்தவர்கள் எல்லாரும் பேச்சை விட்டு வாக்குக்கு வந்தவர்களே.

திரும்பப் பெறும் விதியை எழுதி மாட்டுங்கள். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், பணமாகவா பொருளாகவா என்பது முன்னாலேயே தெரிந்தால் சச்சரவு இல்லை. வண்டு வந்த மாவை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கும் கடைக்கு அந்தக் குடும்பம் விட்டுப் போகாது.

கடையில் இறக்கும் பார்சல்களுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பெயர், தேதி, கட்டு பிரிந்திருந்ததா என்று ஒரு வரி, வாங்கிப்போனவர் கையெழுத்து. வாங்கியவர் பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே வேறு பொருள் இருந்தால் அதுவே சாட்சி. அடுத்தவர் பார்சலுக்கு உங்கள் கல்லாவிலிருந்து பணம் கட்டுவதைத் தவிருங்கள். உபகாரம் செய்யப் போய் வழக்கில் சிக்க வேண்டாம்.

8. நாமே இத்தொழிலில் இறங்கலாமா?

சேலை மறுவிற்பனையைத் தொடங்கலாமா என்று இளைய உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. திண்டுக்கல்லுக்குச் சில வசதிகள் உண்டு. பக்கத்திலேயே சின்னாளப்பட்டி, நாகல் நகர் போன்ற இடங்களில் துணியைத் தொட்டே தரம் சொல்லும் கைகள், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஜனம். செல்போனில் மட்டும் விற்பவருக்கு இல்லாத ஒன்று கடைக்காரருக்கு இருக்கிறது: சேலையைப் பிரித்துக் காட்ட ஒரு மேஜை. படத்தைப் போனில் காட்டி, பொருளைக் கடையில் காட்டினால் மேலே சொன்ன ஐந்து குறைகளில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும். கூரியர் செலவும் இல்லை.

ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. கவனிக்க வேண்டியவை:

சேலையை விலை கொடுத்து வாங்கிப் போடாமல், 'விற்றால் பணம்' என்ற கணக்கில் எடுத்துக்கொள்வது தொடக்கத்துக்கு நல்லது. எத்தனை மாதம் வைத்திருப்பது, நம் பங்கு எவ்வளவு, விலையை இறக்க யாருக்கு உரிமை என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கொடுப்பவரின் பெயர், முகவரி, அடையாளச் சான்றின் நகல், தேதி, சேலையின் படம் ஆகியவற்றுக்கு ஒரு பதிவேடு கட்டாயம். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். விலை வழக்கத்துக்கு மாறாக மலிவாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தில், பழைய பொருளை வாங்கி விற்பவர் உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை உண்டு. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு தேவையில்லை என்றாலும், வெளி மாநிலத்துக்கு விற்றால் பொதுவாகப் பதிவு தேவைப்படும். இணையத் தளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகருக்கு 2023 அக்டோபர் 1 முதல் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. தொடங்குமுன் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

துவைத்தல், இழை பார்த்தல், ஃபால்ஸ் மாற்றுதல், பாலிஷ் ஆகிய செலவுகளைச் சேலைக்குச் சேலை எழுதுங்கள். லாபம் போவது இந்த ஓட்டையில்தான்.

கிளைக் கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. நம் கடையில் குறையுள்ள சரக்கை இப்போது எப்படி விற்கிறோம்? சொல்லியா, சொல்லாமலா?
2. திரும்பப் பெறும் விதி நம்மிடம் எழுத்தில் இருக்கிறதா?
3. நாம் வாங்கும் டெலிவரிக் கட்டணம் எதற்கென்று வாடிக்கையாளருக்குத் தெரியுமா?
4. பணமோசடி பற்றிய எச்சரிக்கையைச் சங்கத்தின் பெயரில் அச்சடித்து எல்லாக் கடைகளுக்கும் கொடுக்கலாமா?
5. சேலை மறுவிற்பனையில் ஆர்வமுள்ள உறுப்பினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆடி முதல் தீபாவளி வரை ஒரு கடையில் ஒரு அலமாரி வைத்துப் பார்க்கலாமா?

முகம் தெரியாதவரிடம் பழைய சேலை வாங்கும் பெண் எதிர்பார்ப்பது மலிவை மட்டுமல்ல. சொன்னது வர வேண்டும். வராவிட்டால் பணம் திரும்ப வேண்டும். இந்த இரண்டுக்காகத் தனியாகக் கட்டணம் கொடுக்கவும் ஐரோப்பாவில் கோடிக்கணக்கானவர்கள் தயாராக இருக்கிறார்கள். நம்மிடம் வருபவர்களுக்கு இவ்விரண்டையும் கட்டணமில்லாமல் கொடுக்க நம்மால் முடியும். அதற்கு வேண்டிய முதலீடு, சீட்டில் எழுதும் ஒரு வரிதான்.